பாகன் தலை

எந்த நாடு, எந்தக் காலம் என்று கேட்காதீர்கள். ஒரு ராஜாவுக்குக் கண்டவர்களோடு பேசினால் மதிப்புக் குறையும் என்று திடீரெனத் தோன்றிவிட்டது. இனி அமைச்சரைத் தவிர எவரும் தன்னிடம் நேரில் பேசக் கூடாது, தன் கட்டளை ஒருவர் மாற்றி ஒருவர் வாய்வழியாகவே போக வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

முதலில் கேட்பவர் அமைச்சர் மகுடேசர். அவர் வாயில் எந்நேரமும் வெற்றிலை. காது மந்தமான சேனாதிபதியிடம் அவர் சொல்வார். சேனாதிபதி, எதையும் சுருக்கிவிடும் புரோகிதரிடம் சொல்வார். நிறைவேற்ற வேண்டியவன் விகடகவி சாத்தப்பன். ராஜாவுக்கு அவன்மேல் இருந்த பிரியம் பொறுக்காமல், பழி அவன்மேல் விழட்டும் என்றே அமைச்சர் அவனைக் கடைசியில் நிறுத்தியிருந்தார்.

ஒரே மாதத்தில் சாத்தப்பனுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ராஜா பழம் கேட்டது பலம் என்று வந்தது. மல்லர்களை அனுப்பித் திட்டு வாங்கினான். புளி கேட்டது புலியாக வந்தது. கூண்டோடு இரண்டு நாள் காட்டில் அலைந்தான்.

ஒரு நாள் காலையில் வந்த கட்டளை இது: "பாகன் தலை, வெட்டி, அனுப்பு. உச்சிப்பொழுதுக்குள்."

அதைக் கேள்விப்பட்ட யானைப்பாகன் வேம்பன் ஓடிவந்து சாத்தப்பன் காலில் விழுந்தான். "நான் என்னங்க தப்பு பண்ணேன்? ஆனைக்குத் தழை பத்தலைன்னுதானே நேத்து சொல்லி அனுப்புனேன்."

சாத்தப்பன் தலையில் அடித்துக்கொண்டான். "அமைச்சரு வெத்தலையைத் துப்ப மாட்டாரு, அதுக்கு உன் உசுரு போவணுமா? எந்திரி. போய் ஆலந்தழை வெட்டு."

தன் ஊகம் தப்பினால் தன் தலையே போகும் என்பது அவனுக்குத் தெரியும். யானைமேல் தழையை ஏற்றி, வேம்பனையும் உட்காரவைத்து, பின்னாலேயே அரண்மனைக்கு நடந்தான்.

பாகனும் சேர்ந்து வந்ததைப் பார்த்து, கட்டளை மீறப்பட்டது என்று அமைச்சர் கொதித்தார். ராஜா தன் விதியை மறந்து, சாத்தப்பனிடமே விளக்கம் கேட்டார்.

"அரசே, 'பாகன் தலை, வெட்டி, அனுப்பு' என்று வந்தது. பாகன் தலையை அனுப்பிவிட்டேன். வெட்டியது தழையை. உடம்பும் தலையோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது, பொறுத்தருள வேண்டும்."

ராஜாவின் முகம் வெளுத்தது. "பாகனிடம் சொல்லித் தழை வெட்டி அனுப்பு என்றல்லவா சொன்னேன்? அமைச்சரே, தழை என்று சொல்லும்."

"தலை, அரசே" என்றார் மகுடேசர், வாய் நிறைய வெற்றிலையோடு.

ராஜா சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் நீர் வந்த பிறகும் நிறுத்த முடியவில்லை. அன்றோடு அந்த விதி ஒழிந்தது. சாத்தப்பனுக்குத் தன் பட்டுச் சால்வையைக் கொடுக்கும்படி சொல்ல, பழக்கத்தில் அமைச்சர் பக்கம் திரும்பினார்.

"அரசே, தயவுசெய்து அதை யாரிடமும் சொல்லி அனுப்ப வேண்டாம்" என்றான் சாத்தப்பன்.

ராஜா அரியணையிலிருந்து இறங்கி வந்து, தன் கையாலேயே அவனுக்குப் போர்த்திவிட்டார்.