தாயத்து தடுக்காத நெடி

ரொம்பக் காலத்துக்கு முன்னே செங்காட்டூர்ச் சீமையை மாவீரசிங்கன்னு ஒரு ராஜா ஆண்டுக்கிட்டிருந்தான். நல்லவன்தான். ஆனா புதுசா எது கிடைச்சாலும் அவனுக்குத் தலைகால் புரியாது.

ஒருநாள் அவனோட படையை நடத்துற தண்டநாயகர் கொடுமுடியார் ஒரு மந்திரத் தாயத்தைக் கொண்டுவந்து ராஜா கழுத்தில் கட்டினார். அம்மாடி, என்ன தாயத்து அது! வாளை வீசினாங்க, வளைஞ்சுபோச்சு. அம்பு விட்டாங்க, காலடியில் விழுந்தது. கொதிக்கிற எண்ணெயை ஊத்தினாங்க, ஒரு சொட்டு ஒட்டலை.

"இனி எனக்கு மெய்க்காவல் எதுக்கு? நாளைக்கே எதிரி கோட்டைக்குத் தனியாப் போய் அவனைப் பணிய வைக்கிறேன்" என்றான் ராஜா.

"வீரம்னா இதுதான் மகாராஜா"ன்னு கொடுமுடியார் தாளம் போட்டார். ராஜா திரும்பலைன்னா சிம்மாசனம் தனக்குத்தான்னு உள்ளுக்குள்ள ஒரு நெனப்பு.

அமைச்சர் பொன்னம்பலவாணர் எழுந்தார். "மகாராஜா, எல்லாத்தையும் தடுக்கிற தாயத்து உலகத்திலேயே இருக்க முடியாது."

அமைச்சரைக் கண்டாலே கொடுமுடியாருக்கு ஆகாது. "அப்போ அவரே அதை ஜெயிச்சுக் காட்டட்டுமே" என்றார்.

"சரி. பொழுது சாயறதுக்குள்ள என்னை இந்தச் சிம்மாசனத்தை விட்டு விரட்டிக் காட்டும் அமைச்சரே. முடியலைன்னா உம்ம தலை போயிடும்" என்றான் ராஜா.

அமைச்சர் ஆயுதமே எடுக்கலை. ராஜா பக்கத்தில் போனார். "காலையிலிருந்து ஊரே உங்களைப் பார்த்து வாயைப் பிளந்துக்கிட்டு நிக்குது. கண்ணு பட்டிருக்கும். முதல்ல சுத்திப் போட்டுடறேன்."

"தாராளமா" என்றான் ராஜா. அது அவனுக்கு ரொம்பப் பிடிக்கும்.

மிளகாய் வத்தலும் உப்பும் கைநிறைய எடுத்துச் சுத்தி, கனல் சட்டியில் கொட்டி, சட்டியைச் சிம்மாசனத்துக்கு அடியிலேயே தள்ளிவிட்டார் மனுஷன். "கண்ணு பட்டிருந்தா நெடி வராதும்பாங்க. பார்ப்போம்."

நெடி வந்தது பாருங்க, அப்படி ஒரு நெடி! ராஜா தும்மினான், கமறினான், கண்ணும் மூக்கும் ஒழுக, கிரீடம் உருள, வாசலுக்கு ஓடினான்.

"வாளைத் தடுத்த தாயத்து இதை ஏன்யா தடுக்கலை?"ன்னு மூச்சு வாங்கிக்கிட்டே கேட்டான்.

"தடுத்திருந்தா மூச்சுக்காத்தும் நின்னு செத்துப்போயிருப்பீங்க மகாராஜா. உங்களுக்கு வேண்டியதை அது உள்ளே விட்டே ஆகணும். கூட ஒட்டிக்கிட்டு வர்றதும் உள்ளே வந்துடும். நாளைக்கு எதிரிக்கு ஒரு பிடி மிளகாய் போதும்."

ராஜா கண்ணைத் துடைச்சான். தாயத்தைக் கழற்றிக் கொடுமுடியாரிடம் நீட்டினான். "கட்டிக்கும். எதிரி கோட்டைக்கு நீரே தனியாப் போயிட்டு வாரும்."

கொடுமுடியார் முகம் வெளுத்தது. "படை இல்லாமலா, மகாராஜா?"

சபை சிரிச்ச சிரிப்பில் அவர் தலை குனிஞ்சார். பதவியும் அன்னைக்கே போச்சு.

ராஜா தன் முத்துமாலையை அமைச்சர் கழுத்தில் போட்டான். "என்ன மூளைய்யா உமக்கு. என் கண்ணே பட்டிருக்கும்"னு தன் கையாலேயே மிளகாய் எடுத்து அவரைச் சுத்திக் கனலில் போட்டான். சபையே மூக்கைப் பொத்திக்கிட்டுக் காத்திருந்தது.

ஒருத்தருக்கும் ஒரு தும்மல்கூட வரலை.