மிளகு கவ்விய பட்டுத் துண்டு

பெரியவர்களும் கேளுங்கள், சின்னவர்களும் கேளுங்கள். காளையின் கழுத்துமணிச் சத்தத்தை வைத்தே வந்தது யார் வீட்டு வண்டி என்று சொல்லிவிடும் காலம் அது. அப்போது மேற்கு மலைக்கு இந்தப் பக்கம் புங்கவாடி என்று ஓர் ஊர். அந்த ஊரில் சடையப்பன் என்று ஒரு மாட்டுத் தரகர்.

அவருக்கு அப்பன் இல்லை, ஆத்தா இல்லை. ஏழு வயதில் சந்தை மாடுகளுக்குத் தண்ணீர் காட்டினார். பத்து வயதில் மாட்டோடு மாடாக ஊர் ஊராக நடந்தார். பதினைந்து வயதில் மாட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தே வயது சொன்னார். பட்ட அடிதான் படிப்பு.

அந்தச் சந்தையில் ஒரு வழக்கம். விலையை வாயால் பேச மாட்டார்கள். விற்கிறவர் கையும் தரகர் கையும் ஒரு துண்டுக்கு அடியில் போகும். விரலைப் பிடித்தால் ஒரு பேச்சு, மடக்கினால் ஒரு பேச்சு, கையை உதறினால் பேச்சு முடிந்தது. பக்கத்தில் நிற்கிறவனுக்குத் துண்டு அசைவதுதான் தெரியும், வேறு ஒரு மண்ணும் தெரியாது.

சடையப்பனுக்கு வாயெல்லாம் நெருப்பு. ஈ உட்கார்ந்தாலும் திட்டுவார். ஆனால் கை துண்டுக்குள் போய்விட்டால் ஆளே வேறு! எதிராளி முறைத்தாலும், முறுக்கினாலும், எழுந்து போவது போலப் பாசாங்கு செய்தாலும் அவர் விரல் பதறாது. அதைப் பார்த்துத்தான் ராஜா அவரைத் தலைமைத் தரகர் ஆக்கி, அதற்கு அடையாளமாகச் சிவப்புப் பட்டுத் துண்டு ஒன்றைத் தோளில் போட்டார். வருஷா வருஷம் தை மாதப் பெரிய சந்தையில் அரண்மனைக் காளைகளின் பேச்சு அந்தத் துண்டுக்கு அடியில்தான் தொடங்கும். துண்டோடு வந்தால் தலைமைத் தரகர். துண்டில்லாமல் வந்தால் அவரும் கூட்டத்தில் ஒருவர்.

அப்படிப்பட்ட வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டி வந்து சேர்ந்தது.

ஒரு வண்டியின் பின்னாலேயே ஓடி வந்தது. கன்னங்கரேல் என்று உருண்டையாக இருந்ததால் தரகரின் மனைவி நாகம்மாள் அதற்கு மிளகு என்று பெயர் வைத்தாள்.

"நாயும் வேண்டாம், பேயும் வேண்டாம்" என்று முதல் நாள் கத்தினார் சடையப்பன். இரண்டாம் நாள் குட்டிக்குக் கஞ்சி வைத்தாயா என்று மனைவியைக் கேட்டார். மூன்றாம் நாள் குட்டி அவர் மடியில் கிடந்தது.

மடியில் கிடந்ததோடு நின்றிருந்தால் வம்பில்லை. ஆசை மிகுந்துபோய் அவர் ஒரு விளையாட்டு பழக்கினார். தன் பழைய துண்டைக் கையின் மேல் போட்டுக்கொள்வார். அடியில் விரலை ஆட்டுவார். குட்டி பாய்ந்து துண்டோடு சேர்த்துக் கவ்வும். "என்னடா விலை சொல்றே? கட்டுப்படியாகாதுடா!" என்று கெக்கலி கொட்டிச் சிரிப்பார். குட்டி இன்னும் இழுக்கும். அவரும் இழுப்பார். கடைசியில் அந்தப் பழைய துண்டையே அதற்குக் கொடுத்துவிட்டார். அறுந்த செருப்பு ஒன்றையும் கொடுத்தார்.

"பழசு உனக்கு, புதுசு எனக்கு. பேச்சு பேச்சா இருக்கணும், ஆமா" என்று அதனிடம் ஒப்பந்தமும் போட்டார்.

பழசு எது, புதுசு எது என்று நாய்க்குட்டிக்குத் தெரியுமா? அதற்கு எல்லாம் எஜமான் வாசனைதான்.

முதலில் புதுச் செருப்பு போயிற்று. சடையப்பன் தெருவெல்லாம் துரத்தினார். மிளகுக்கு அப்படி ஒரு சந்தோஷம், வாலை ஆட்டிக்கொண்டே ஓடியது.

அடுத்து நாகம்மாளின் கட்டில் கயிறு போயிற்று. அவள் உட்கார்ந்தாள், கட்டிலுக்குள்ளேயே இறங்கிவிட்டாள். சடையப்பன் தடியைத் தூக்கிக்கொண்டு துரத்தினார். மிளகுக்கு முன்னைவிடச் சந்தோஷம்.

"பல்லு விழுந்து மொளைக்கிற வயசுங்க. ஈறு தினவெடுக்குது, எதையாச்சும் கடிக்கத்தான் செய்யும்" என்றாள் நாகம்மாள்.

"கடிக்கட்டும், கடிக்கட்டும். இன்னொரு தடவை என் பொருள்ல பல்லு பட்டுது, வடக்கே போற வண்டியில ஏத்தி விட்டுருவேன். சொன்னா சொன்னதுதான்!"

நாகம்மாள் குட்டியை வாரி எடுத்து முந்தானையில் மூடிக்கொண்டாள். புருஷன் வாயால் சொன்னதில் பாதியைச் செய்ய மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். செய்கிற பாதி எது என்பதுதான் தெரியாது.

தை மாதம் வந்தது. பெரிய சந்தை நாளும் வந்தது. விடிந்ததும் சடையப்பன் குளித்தார், திருநீறு பூசினார், பெட்டியிலிருந்த பட்டுத் துண்டை எடுத்து வாசல் கொடியில் வெயில் காயப் போட்டார்.

காற்று அடித்தது. துண்டு அசைந்தது.

துண்டு அசைந்தால் மிளகுக்கு என்ன தெரியும்? விளையாட்டு தெரியும்!

ஒரே பாய்ச்சல். சடையப்பன் திரும்பிப் பார்ப்பதற்குள் பட்டுத் துண்டும் குட்டியும் நெல் குதிருக்கு அடியில் புகுந்துவிட்டன. குதிர் நான்கு கல்லின் மேல் நின்றது. அடியில் ஒரு முழ உயரம்கூட இல்லை.

சடையப்பன் கத்தினார். குட்டி இன்னும் உள்ளே போனது. தடியை விட்டுக் குடைந்தார். குட்டி தடியையும் ஒரு கடி கடித்துப் பார்த்துவிட்டுத் துண்டுக்கே திரும்பியது. கையை நீட்டித் துண்டின் நுனியைப் பிடித்து இழுத்தார். குட்டி நான்கு காலையும் ஊன்றி, "உர்ர்" என்று செல்லமாக உறுமிக்கொண்டு எதிர்ப்பக்கம் இழுத்தது.

"சர்ர்" என்று ஒரு சத்தம்.

சடையப்பன் கையை விட்டுவிட்டார். நெஞ்சும் அந்தச் சத்தத்தோடு கிழிந்தது. இன்னும் ஒரு இழுப்பு இழுத்தால் துண்டு இரண்டாகிவிடும்.

அந்த நேரம் பார்த்துத்தானா வாசலில் குதிரை வந்து நிற்க வேண்டும்? அரண்மனைக் காரியக்காரர் சேதுராயர், தலைமைத் தரகரைச் சந்தைக்கு அழைத்துப் போக வந்திருந்தார்.

"என்ன சடையப்பா, குதிருக்கடியில காளை கீளை வாங்கறியா?"

"வந்துட்டனுங்க சாமி, வந்துட்டன்" என்று தரையில் கிடந்தபடியே சொன்னார் சடையப்பன். சொல்லிவிட்டு உள்ளே பார்த்து, "அடேய் எமனே, உன்னை..." என்று பல்லைக் கடித்தார்.

நாகம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்க, ஊருக்கெல்லாம் விரலால பேசறீங்க. நம்ம குட்டிகிட்ட மட்டும் தொண்டையால பேசறீங்களே? சந்தையில ஒருத்தன் கையில இருக்கிற கயித்தை இப்படித்தான் புடுங்குவீங்களா?"

சடையப்பன் தடியைத் தள்ளி வைத்தார். முப்பது வருஷச் சந்தை அவர் கண் முன்னால் வந்து நின்றது. எவன் கையிலிருந்தாவது எதையாவது பிடுங்கியிருக்கிறாரா? இழுக்க இழுக்க எதிராளி பிடி இறுகும், அவ்வளவுதான். அவன் கையில் இருப்பதைவிட அவனுக்குப் பிடித்த ஒன்றைக் காட்ட வேண்டும். காட்டிவிட்டுப் பொறுமையாக இருக்க வேண்டும். இது தெரியாமலா தலைமைத் தரகர் ஆனார்?

"நாகம்மா, நேத்து வண்டிக் காளைக்கு லாடம் அடிச்சமே, அந்தக் குளம்புச் சீவல் எங்கே?"

"குப்பையில கொட்டினேனுங்க."

"எடுத்துட்டு வா, ஓடு!"

லாடம் அடிப்பதற்கு முன்னால் குளம்பைச் சீவுவார்கள். நகம் போலக் கெட்டியான சீவல் கீழே விழும். கடிக்கக் கடிக்கத் தீராது. நாய்க்கு அதைவிட விருந்து கிடையாது.

சடையப்பன் குப்புறப் படுத்தார். பூசிய திருநீறு வேர்வையில் அழிந்தது. குரலைத் தணித்தார். "வாடா ராசா, பேசலாம்" என்று ஒரு சின்னச் சீவலை வைத்தார். மிளகு மூக்கை ஆட்டியது. துண்டை விடவில்லை. அவரும் கையை நீட்டவில்லை.

அதைவிடப் பெரிய சீவல் ஒன்றை வைத்தார். மிளகு ஓர் அடி முன்னால் வந்தது. துண்டும் கூடவே வந்தது. அவர் அசையவில்லை. வாசலில் சேதுராயரின் குதிரை காலை உதைத்தது, அப்போதும் அசையவில்லை.

இருப்பதிலேயே பெரியதை, உள்ளங்கை அகலச் சீவலை, மூக்குக்கு நேரே வைத்தார். மிளகு சீவலைப் பார்த்தது, துண்டைப் பார்த்தது, எஜமானைப் பார்த்தது. பிறகு வாயைத் திறந்து துண்டைக் கீழே போட்டது!

குட்டி சீவலைக் கவ்விக்கொண்டு குதிருக்கு வெளியே வந்து அவர் காலடியிலேயே படுத்தது. சடையப்பன் பட்டுத் துண்டை எடுத்து விரித்துப் பார்த்தார். ஓரத்தில் ஒரு விரல் நுழைகிற ஓட்டை. அடங்கியிருந்த கோபம் குபீர் என்று மேலே வந்தது. கை தானாக ஓங்கியது.

"நல்லா ரெண்டு வை சடையப்பா! அப்பத்தான் புத்தி வரும்" என்றார் சேதுராயர்.

ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது. குட்டி ஓடவில்லை. ஆளை நம்பி, அண்ணாந்து பார்த்து, வாலை ஆட்டியது.

"இல்லீங்க சாமி" என்று கையை இறக்கினார் சடையப்பன். "பேச்சு முடிஞ்சு பொருளைக் குடுத்தவனை யாராச்சும் அடிப்பாங்களா? இன்னைக்கு அடிச்சேன்னா, நாளைக்கு எதைத் தூக்கினாலும் என்கிட்டக் கொண்டுவந்து போடுமா? தப்புப் பண்ணினவன் நான். துண்டைக் காட்டி விளையாடக் கத்துக் குடுத்தது யாரு, இதோட பாட்டனா?"

குட்டியின் தலையைத் தடவி, "நல்ல புள்ளை" என்றார். நாகம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். வடக்கே போகிற வண்டியில் ஏற்றிவிடுகிற பேச்சு அத்தோடு போயிற்று.

சந்தையில் அன்றைக்கு நடந்ததைக் கேளுங்கள். அரண்மனைக் காளைகளுக்குப் பேச்சுத் தொடங்கியது. பட்டுத் துண்டுக்கு அடியில் இரண்டு கை போயின. ரகசியமாக மடங்க வேண்டிய விரல் ஒன்று ஓட்டை வழியாக வெளியே வந்து எட்டிப் பார்த்தது! சந்தையே கொல்லென்று சிரித்தது.

"தலைமைத் தரகரே, துண்டுல என்ன ஓட்டை?" என்று யாரோ கேட்டார்கள்.

"இன்னைக்கு விடிகாலையில ஒருத்தர்கிட்டப் பேரம் பேசினேன். நான் பார்த்ததுலேயே கெட்டிக்காரர். அவர் போட்ட முத்திரை" என்றார் சடையப்பன். சிரித்துச் சிரித்துச் சேதுராயர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் செருப்பு பரணுக்கு ஏறியது. துணி உயரக் கொடிக்குப் போனது. துண்டு விளையாட்டு நின்றது. மிளகுக்கென்று ஒரு மண்சட்டி, அதில் எப்போதும் குளம்புச் சீவல். காலையும் மாலையும் ஆற்றங்கரை வரைக்கும் ஓட்டம். குட்டி எதையாவது கவ்வினால் சடையப்பன் கத்துவதில்லை. சட்டியிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு உட்காருவார்.

பல் முளைத்து முடிந்தபோது மிளகு சந்தைக்கும் போனது. காளைக்குக் கட்டிய புதுக் கயிறு கண்ணெதிரே தொங்கினாலும் கடிக்காமல், பட்டுத் துண்டுக்குக் காவலாகப் படுத்திருக்கும்.

ஆகையால், நம் பேச்சைக் கேட்க வேண்டியவரிடமிருந்து ஒன்றை விலக்க வேண்டுமானால், கோபத்தோடு பிடுங்காமல், அவருக்கு ஏற்ற வேறொன்றைக் கொடுத்துப் பொறுமையாகப் பழக்க வேண்டும்.