தலைகீழாய்த் தொங்கியவருக்குக் கொடுத்த வாக்கு

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் நாளைக் காலையில் என் மீசை மேல்நோக்கி முளைத்து மூக்கை அடைக்கட்டும்! தொட்டியில் சாத்திய ஏணி இன்னும் அங்கேயே கிடக்கிறது. சந்தேகப்படுகிறவர் போய்ப் பார்க்கலாம்.

காங்கயத்துக்குத் தெற்கே அரிசி ஆலை வைத்திருந்த அவிநாசியப்பனுக்குச் சாக மனமில்லை. செத்த உடலைத் திரவ நைட்ரஜனில் உறைய வைத்துக் காக்கும் கம்பெனி ஒன்றைக் கண்டுபிடித்தார். மருத்துவம் வளர்ந்த பிறகு என்றைக்காவது எழுப்பிவிடுவார்களாம். மனைவி பாவாத்தாளிடம் வாக்கு வாங்கினார்: “நான் எந்திரிக்கற வரைக்கும் தாலியக் கழட்டாத. கருமாதி பண்ணாத. நைட்ரஜன் குறைஞ்சா என்ன பாடுபட்டாவது ஊத்து.” அவளும் கையடித்துக் கொடுத்தாள்.

கம்பெனி மேனேஜர் வித்யாதரன் விளக்கினார்: “மூச்சு நின்ன சில நிமிஷத்துலயே குளிர வைக்கணும்மா. ரத்தத்தை எடுத்துட்டு, உறையாத மருந்தை ஏத்தணும். தாமதமானா மூளை கெட்டுடும். உள்ளே இருக்கற தண்ணி ஐஸாகி, கண்ணாடிச் சில்லு மாதிரி எல்லாத்தையும் கிழிச்சுடும்.”

ஒரு நாள் காலையில் தென்னந்தோப்புக்குப் போன அவிநாசியப்பன் திரும்பவில்லை. சாயங்காலம்தான் பாவாத்தாள் கண்டாள். இமையில் எறும்பு ஏறியிருந்தது. கம்பெனி வண்டி வந்தது மறுநாள் மதியம். மேனேஜர் எறும்பைத் தட்டிவிட்டு, வாயே திறக்காமல் வேலையைத் தொடங்கினார். ஆலைக் கிடங்கில் நிறுத்திய எஃகுத் தொட்டிக்குள் அவரைத் தலைகீழாக இறக்கினார்கள்.

“ஏனுங்க தலைகீழா?”

“நைட்ரஜன் குறைஞ்சா முதல்ல கால்தான் வெளியே வரும்மா. தலை கடைசி.”

“உசுரோட இருந்தப்பவும் அப்படித்தான் நின்னாரு,” என்றாள் பாவாத்தாள்.

மூன்று வருஷம் போனது. கல்யாண வீட்டில் ஆரத்தித் தட்டைத் தொட்டால் யாராவது ஒருத்தி பிடுங்கிக்கொண்டாள். சரியென்று பொட்டை அழித்தால், “எங்கண்ணன் என்ன செத்தா போய்ட்டாரு?” என்று பங்காளிகள் எகிறினார்கள். அழ விடாத துக்கம் அவள் வயிற்றில் கோபமாய்ப் புளித்தது.

அந்த ஐப்பசியில் வெள்ளம் பாலத்தை அடித்துக்கொண்டு போனது. வாரா வாரம் கம்பெனி அனுப்பும் நைட்ரஜன் லாரி வரவில்லை. தொட்டியில் கசிவு வேறு. பாதம் வெளியே தெரிந்தது, பிறகு முழங்கால், இடுப்பு. ஆறாம் நாள் கழுத்து வரை இறங்கிவிட்டது. மேனேஜர் போனில் கத்தினார்: “மாட்டாஸ்பத்திரியில கேன் இருக்கும், வாங்கி ஊத்துங்க! லாரி வர்ற வரைக்கும் தலையாவது முழுகியிருக்கட்டும்!”

இருந்தது ஒரே கேன், மாடுகளுக்குச் சினை ஊசி போடும் பையன் ஜோதிமணியிடம். செத்துப்போன செவலைக் காளையின் கடைசி உறைவிந்துக் குச்சிகள் அதற்குள் இருந்தன. பன்னிரண்டு ஊர்ப் பசுக்களுக்கும் அவைதான். நைட்ரஜனைக் கவிழ்த்தால் குச்சிகள் வீண்.

“தர மாட்டேன்னு சொல்லு ஜோதிமணி. வாக்கு என்னால கெட்டதா இருக்க வேண்டாம்,” என்றாள் பாவாத்தாள்.

“அந்தப் பழிய எம்மேல போடாதீங்கக்கா. வாக்கு உங்களுது. எடுத்துக்கங்க, குச்சியும் உள்ளயே இருக்குது.”

கேனோடு ஏணியில் ஏறினாள். மூடியைத் திறந்தாள். வெள்ளைப் புகை முகத்தில் அடித்தது. புருஷனைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்: “எறும்பு ஏறுன கண்ணத் தொறந்து இனி என்னத்தப் பாக்கப் போறீங்க?” மூடியை அழுத்தி மூடினாள். ஒரு சொட்டுக் குறையாமல் கேனைத் திருப்பிக் கொடுத்தாள். மறுநாள் தாலியைக் கழற்றினாள். கொள்ளி வைத்தாயிற்று.

பாலம் சரியானதும் ஓடிவந்த மேனேஜர் குதித்தார்: “நீங்கதான் அவரைக் கொன்னீங்க! மூணு வருஷம் ஒரு வாரம் தவறாம லாரி அனுப்பி, நான் சொன்ன சொல்லைக் காப்பாத்துனேன்!”

சொன்ன சொல்லைக் காத்த மேனேஜர். அடுத்தவள் வாக்குக்காகத் தன் பொறுப்பில் இருந்ததைக் கொடுத்த ஜோதிமணி. கையடித்த வாக்கை உடைத்த பாவாத்தாள். இதில் யார் செய்தது சரி?

விடையை அந்த எறும்பிடம் கேளுங்கள். மேனேஜருக்கு ஒரு நாள் முன்பே ஆளைச் சோதித்துப் பார்த்தது அதுதான். ‘சில நிமிஷம்’ என்று சொன்ன வாய், மறுநாள் மதியம் மூடிக்கொண்டதே! அந்த ஆள் வாரம் தவறாமல் காத்தது பொய்யை. ஜோதிமணி நல்லவன், ஆனால் பன்னிரண்டு ஊர்ச் சொத்தைத் தூக்கிக் கொடுக்க அவன் யார்? பாவாத்தாள் செய்ததே சரி. ‘எந்திரிக்கற வரைக்கும்’ என்ற வாக்கு தோப்பிலேயே செத்துவிட்டது. மூன்று வருஷம் அவளைக் காக்க வைத்த பாவம் மேனேஜருக்கு.

அடுத்த ஆடியில் அவள் தொழுவத்தில் ஒரு செவலைக் கன்று பிறந்தது. முதலில் கால் வந்தது. தலை கடைசி.

யார் சொன்னது என்று மட்டும் எவரிடமும் மூச்சு விடாதீர்கள். கம்பெனியில் இன்னும் இரண்டு தொட்டி காலியாக இருக்கிறதாம். எனக்கோ வயதாகிவிட்டது. தலைகீழாய்த் தொங்க என்னால் ஆகாது.