கோட்டுக்கு ஒரு முழம் முன்னால்

மூன்று வாரம் நடக்கும் பெரிய சைக்கிள் பந்தயத்தில், ஓட்டுகிற எல்லோரும் ஜெயிப்பதற்காகவே ஓட்டுகிறார்கள் என்று படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். இந்தப் பிழை இனியும் நீடிக்கக் கூடாது. ஒவ்வொரு அணியிலும் ஒருவன்தான் ஜெயிக்க ஓட்டுகிறான். மற்றவர்கள் அவனுக்கு முன்னால் போய், எதிர்க்காற்றைத் தங்கள் நெஞ்சில் வாங்கி, அவன் களைக்காமல் பார்த்துக்கொள்ள வந்தவர்கள். தோற்பதுதான் அவர்கள் தொழில். அந்தத் தொழிலுக்கு மூளை வேண்டாம் என்பது இன்னொரு பரவலான நம்பிக்கை. கொட்டக்குளம் அணியைப் பார்த்தவர்கள் அதையும் திருத்திக்கொள்ளலாம்.

அந்த அணியில் ஜெயிக்க வேண்டியவன் தங்கப்பழம். கடவுள் அவனுக்குக் கால்களைக் கொடுத்துவிட்டு, அத்தோடு வேலை முடிந்ததென்று போய்விட்டார். அவனுக்குக் காற்றைத் தடுக்கப் பேச்சிமுத்து, லிங்கதுரை, சுடலைக்கண்ணு என்று மூவர். அவர்களுக்குக் காலும் சுமார்தான். பயிற்சியாளர் ஞானதிரவியம் மாஸ்டர். இந்த முறையும் தோற்றால் சைக்கிளை மறந்துவிட்டு, நாகர்கோவில் இரும்புக்கடையில் ஆணி நிறுக்க வந்துவிட வேண்டும் என்று அவருடைய மாமனார் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து மாஸ்டர் வீட்டுக் காலண்டரைக்கூட ஆணியில் மாட்டுவதில்லை.

முதல் கட்டம் கடலோரச் சாலை. "தங்கப்பழத்து மேல காத்தே படக் கூடாது, பாத்துக்கோங்க" என்றார் மாஸ்டர்.

மூவரும் லாரி செட்டில் ஒரு தார்ப்பாய் வாங்கிவந்து அவனைச் சுற்றிக் கட்டினார்கள். கழுத்துக்கு மேலும் கட்டுவதா என்று விவாதம் வந்தது.

"மூஞ்சியும் அவனுதுதானல?" என்றான் லிங்கதுரை.

அதையும் சேர்த்துக் கட்டினார்கள். காற்றுப் படவில்லை. சாலையை விட்டு உப்பளத்துக்குள் இறங்கிய தங்கப்பழம் ஓர் உப்புக் குவியலில் ஏறி, "மலைக் கட்டம் சீக்கிரமே வந்துட்டு போல" என்று உற்சாகமாக மிதித்துக்கொண்டிருந்தான்.

உண்மையான மலைக் கட்டத்துக்கு முன்னால் மாஸ்டர் எளிமையாகச் சொல்லிப் பார்த்தார். போன வருடம் ஜெயித்த கோலாப்பூர்க்காரனைக் காட்டி, "அவன் பின்சக்கரத்த மட்டும் பாருங்க. என்ன ஆனாலும் அந்தச் சக்கரத்த விட்றாதிய" என்றார்.

பாதி ஏற்றத்தில் கோலாப்பூர்க்காரனின் பின்சக்கரம் பஞ்சரானது. அவனுடைய ஆட்கள் வேறு சக்கரத்தை மாட்டி அவனை மேலே அனுப்பிவிட்டு, பழையதை ஜீப்பின் தலையில் கட்டிக்கொண்டு அடிவாரத்துக்கு இறங்கினார்கள். தங்கப்பழம் பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தான். மூவரும் நின்றார்கள்.

"லே, ஆளு மேல போறான். சக்கரம் கீழ போவுது" என்றான் சுடலைக்கண்ணு.

"மாஸ்டர் ஆளச் சொன்னாவளா, சக்கரத்தச் சொன்னாவளா?" என்று கேட்டான் லிங்கதுரை.

"சக்கரத்தத்தான். ஆளப் பத்திப் பேச்சே இல்ல" என்றான் பேச்சிமுத்து.

"அப்ப அவன் மாட்டிட்டுப் போற புதுச் சக்கரம்?" என்றான் சுடலைக்கண்ணு.

"அத மாஸ்டர் பாத்ததே இல்லயே. பாக்காத சக்கரத்த எப்படிலே சொல்லியிருப்பாவ?"

இவ்வளவு தெளிவான வாதத்தை எந்த நீதிமன்றமும் கேட்டிருக்காது. மூவரும் சைக்கிளைத் திருப்பினார்கள். அடிவாரத்துப் பஞ்சர் கடையில் சாயங்காலம்வரை சக்கரத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் முக்கியபோது சுடலைக்கண்ணு தன் கையையும் உள்ளே விட்டுப் பிடித்துக்கொண்டான்.

உதவிக்கு யாரும் இல்லாததால் அன்று தங்கப்பழம் நன்றாக ஓட்டி, மொத்தப் பந்தயத்திலும் முதலிடத்துக்கு வந்துவிட்டான். நேரத்துக்கு வந்து சேராத மூவரையும் விதிப்படி நீக்கினார்கள். நீக்குவது என்றால் என்னவென்று விளங்காததால் அவர்கள் மறுநாளும் வந்து ஓட்டினார்கள். மாஸ்டர் அதன்பின் யாரிடமும் வாயே திறக்கவில்லை. முதலிடமும் நிலைத்தது.

கடைசிக் கட்டத்தில், முதலிடத்தில் இருப்பவனை யாரும் முந்தப் பார்ப்பதில்லை என்பது இந்தப் பந்தயங்களின் மரபு. ஊர்வலம் மாதிரிப் போய் முடிவுக் கோட்டைத் தாண்டினால் போதும். மாஸ்டருக்குச் சந்தோஷம் தாங்காமல் வாய் திறந்துவிட்டது.

"எல்லாக் கட்டத்தையும் கூட்டிப் பாத்து, யாருக்கு நேரம் கம்மியோ அவனுக்குத்தான் கோப்பை. நீ நேரத்தக் கூட்டிராத தம்பி, அவ்வளவுதான்."

கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் தங்கப்பழம் பிரேக் பிடித்தான்.

"ஏம்ல நின்னுட்ட?" என்றான் பேச்சிமுத்து.

"தாண்டினாத்தான நேரத்த எழுதுவாவ? எழுதினா கூடிரும்லா?"

மூவரும் யோசித்தார்கள். குற்றம் காண முடியவில்லை. அவர்களும் பக்கத்தில் வரிசையாக நின்றார்கள். மற்ற அணிக்காரர்கள் இரண்டு பக்கமும் சீறிக்கொண்டு கோட்டைத் தாண்டினார்கள்.

"பாவம், ஒவ்வொருத்தனா போய் மாட்டுதானுவ" என்றான் சுடலைக்கண்ணு.

மாஸ்டர் ஓடிவந்து கெஞ்சினார். தங்கப்பழத்தின் சட்டையைப் பிடித்து இழுத்தார். மூவரும் தங்கள் கடமைப்படி தலைவனைக் காப்பாற்றினார்கள்.

"ஒரு முழந்தாம்ல" என்று மாஸ்டர் அழுதார்.

"ஜெயிக்கிற நேரத்துல அவசரப்படாதிய மாஸ்டர்" என்று தங்கப்பழம் அவரைத் தேற்றினான்.

கோப்பையைக் கோலாப்பூர்க்காரனுக்குக் கொடுத்தார்கள். பந்தலைப் பிரித்தார்கள். கடைசியில் ஓர் ஆள் வந்து கோட்டையும் அழித்தான். இனி யார் நினைத்தாலும் தங்கப்பழத்தைத் தாண்ட வைக்க முடியாது என்று லிங்கதுரைக்கு நிம்மதி.

மறுநாள் காலை, நால்வரும் அப்படியே வரிசையாக நிற்பதைப் பார்த்து நாகர்கோவில் பஸ் அங்கே நின்றது. மாஸ்டர் ஏறிக்கொண்டார்.