ஜூன் ஒன்றாம் தேதிப் பிள்ளைகள்

இதைப் படித்து முடித்ததும் சட்டென்று பதில் சொல்லிவிடாதீர்கள். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுச் சொல்லுங்கள்.

கடல் நடுவே ஒரு தீவு நாடு இருந்தது. சண்டை நடந்தது அங்கே அல்ல. கப்பலில் பதினைந்து நாள் போகிற தூரத்தில், வேறு இரண்டு தேசங்களுக்குள்ளே. அதில் ஒரு தேசத்துக்குத் துணை வருவதாகத் தீவின் அரசாங்கம் வாக்குக் கொடுத்திருந்தது. வயசுப் பிள்ளைகளைக் கட்டாயமாகப் படையில் சேர்க்கும் சட்டம் அந்தத் தீவில் முன்பு இருந்தது. முப்பது வருடத்துக்கு முன்னால் அதை எடுத்துவிட்டார்கள். அது திரும்பி வரப்போகிறது என்று ஊரில் பேச்சு. வராது, வராது என்று வானொலி தினமும் சொன்னது. தினமும் சொன்னதால்தான் தாய்மாருக்குப் பயம் வந்தது.

சிப்பிக்கரை என்ற மீனவ ஊருக்கு ஒரு அதிகாரி வந்து, பள்ளிக்கூட வராந்தாவில் மேசை போட்டு உட்கார்ந்தார். இந்த ஜூன் ஒன்றில் பதினெட்டு முடிந்த பையன்களின் பெயரை எழுதிக்கொள்ள மட்டும் வந்திருப்பதாகச் சொன்னார். நல்ல மனுஷர்தான், யாரையும் அதட்டவில்லை. பெயர் எழுதிய கையோடு பையனின் பாதத்தை ஒரு பலகையில் வைக்கச் சொல்லி நீளம் பார்த்துக்கொண்டார்.

"பேரு எழுத எதுக்குங்கய்யா கால் அளவு? செருப்பு தைச்சுத் தரப்போறீங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். நாலு பேர் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்துக்கொண்டே அடுத்த பையனைக் கூப்பிட்டார்.

வயதுக்கு ஆதாரம் பள்ளிப் பதிவேடு. அதன்படி ஒட்டிய பட்டியலில் ததேயுவின் பெயர் இருந்தது. அவன் தாய் அமலோற்பவம் கருவாடு காயப்போட்டுப் பிழைக்கிறவள். புருஷன் இல்லை, ஒரே மகன். பட்டியலைப் பார்த்ததும் வேறு பிள்ளையோ என்று மறுபடி பார்த்தாள். ஏனென்றால் ததேயுவுக்கு வயது பதினேழுதான்.

பிசகு நடந்தது பள்ளியில் சேர்த்த அன்று. பிள்ளையை வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று நாலு வயதிலேயே கொண்டுபோய், ஐந்து முடிந்தது என்றாள். கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் மறுபக்கக் காதைத் தொடச் சொன்னார் தலைமை ஆசிரியர் வேதமாணிக்கம். ததேயுவுக்கு நீளக் கை, தொட்டுவிட்டான். எல்லாப் பிள்ளைக்கும் எழுதுவது போல அவனுக்கும் பிறந்த தேதி ஜூன் ஒன்று என்று எழுதிவிட்டார். உண்மைத் தேதி கோயிலின் ஞானஸ்நானப் புத்தகத்தில் கிடந்தது. அதை அன்றைக்கு யார் கேட்டார்கள்?

அமலோற்பவம் கோயிலில் அந்தத் தேதியை எழுதி வாங்கிய சீட்டை எடுத்துக்கொண்டு ஆசிரியரிடம் ஓடினாள். அவர் சீட்டைப் பார்க்காமலே கண்ணை மூடிக்கொண்டார்.

"உன் பிள்ளைக்கு ஒரு வருஷம் கூட்டி எழுதினேன், தாயி. பதினோரு பேருக்குக் குறைச்சு எழுதியிருக்கேன். கவர்மெண்டு வேலைக்குப் போனா ஒரு வருஷம் கூட இருக்கலாம்னு பெத்தவங்க கேட்டாங்க, எழுதினேன். ஒரு தேதி பொய்யின்னு தெரிஞ்சாலும் எல்லாத் தேதியையும் கோயில் புத்தகத்தோட ஒப்பிடுவேன்னு அதிகாரி சொல்லிட்டார்."

அந்தப் பதினோரு பேரும் நிஜத்தில் பதினெட்டு முடிந்தவர்கள். பதிவேட்டில் பதினேழு என்று இருப்பதால் தப்பியிருந்தார்கள். அவர்களில் ஒருவன் ரெமிஜி, பக்கத்து வீட்டு இன்னாசியம்மாளின் மகன். செய்தி அவள் காதுக்கும் போயிற்று. குழாயடியில் அமலோற்பவத்தின் குடத்தைத் தானே நிரப்பிக் கொடுத்தாள்.

"போய்ச் சொல்லுக்கா. உன் பிள்ளைக்காக நீ சொல்றே, நான் தடுக்க மாட்டேன். அப்புறம் என்கூட மட்டும் பேசாதே."

ததேயு சீட்டைக் கிழிக்கப் பார்த்தான். தான் போனால் பதினோரு வீடு பிழைக்கும் என்றான், இந்த வயதுக் கணக்கை அம்மா யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் கேட்டான். அவள் கொடுக்கவில்லை. மாதா முன்னால் ஒரு மணி நேரம் முழங்காலில் இருந்தாள். என்ன கேட்பதென்றே அவளுக்குத் தெரியவில்லை. தன் மகனைக் காப்பாற்று என்று ஆரம்பித்தால் ரெமிஜியின் முகம் வந்து நின்றது.

சனிக்கிழமை காலை பட்டியலை முடிக்கிற நேரம். வேதமாணிக்கம் பைபிளில் கை வைத்து, தன் பதிவேட்டில் ஒரு எழுத்தும் பிசகில்லை என்று சத்தியம் செய்தார். ததேயு தன் வயது பதினெட்டு என்று சொல்லிப் பலகையில் பாதத்தை வைத்தான். அப்போது அமலோற்பவம் வரிசையை விலக்கிக்கொண்டு வந்து சீட்டை மேசைமேல் வைத்தாள்.

"இவனுக்குப் பதினேழுதாங்க ஐயா. அன்னைக்கு நான்தான் பொய் சொன்னேன்."

அதிகாரி சீட்டை இரண்டு தரம் படித்தார். கோயில் புத்தகத்தைக் கொண்டுவர ஆள் அனுப்பினார்.

இப்போது சொல்லுங்கள். ஆசிரியர் பதினோரு பேருக்காகப் பொய்ச் சத்தியம் செய்தார். மகன் தன்னையே கொடுக்க வந்தான். தாய் உண்மையைச் சொன்னாள். மூவரில் யார் செய்தது சரி?

விடை: ஆசிரியருக்கு இரக்கம் இருந்தது, ஆனால் அதற்காக அவர் கொடுத்தது தன்னை அல்ல, இன்னொருத்தி பிள்ளையை. மகனுக்குப் பெரிய மனசு. ஆனால் உயிரைக் கொடுக்கிறேன் என்று பதினேழு வயதில் ஒருவன் சொன்னால் அந்தச் சொல்லை வாங்கிக்கொள்ளக் கூடாது. பதினெட்டு என்று வரம்பு வைத்ததே அதற்குத்தான். ஆகவே தாய் செய்ததுதான் சரி. தான் சொன்ன பொய்யைத் தானே திருப்பி எடுத்தாள். பதினோரு பேரைப் படைக்குக் கேட்டது அவள் அல்ல, மேசைக்குப் பின்னால் இருந்தவர்கள். சரியாகச் செய்தவளுக்கு நிம்மதி கிடைத்ததா என்று கேட்காதீர்கள். பதினோரு பேரின் பாதத்தையும் அன்றே அளந்தார்கள். குழாயடியில் யாரும் அவளோடு பேசவில்லை. மூன்றாம் வாரம் சட்டம் வந்தது. அதில் வயது பதினேழு என்று போட்டிருந்தது; எந்தப் புத்தகத்தைப் பார்த்தாலும் பன்னிரண்டு பேரும் போக வேண்டியதுதான். அன்றைக்குத்தான் இன்னாசியம்மாள் மறுபடி அவளோடு பேசினாள்.