சத்தத்தோடு ஒரு தடவை

"டீச்சர், என் ஆளுங்க எல்லாரும் குட்டையா, பருமனாத் தெரியுறாங்க" என்றார் கஸ்பார்.

நிலோஃபர் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"படத்தை இழுத்து விட்டீங்களா அண்ணாச்சி?"

"இழுக்காட்டி ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை நிக்குது. மேலயும் கீழயும் வெட்டினா தலை போகுது. நான் என்னதான் செய்ய?"

கஸ்பாருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. தூத்துக்குடியில் மாதா கோயில் திருவிழா நாடகங்களை இயக்கிப் பேர் வாங்கியவர். இப்போது ஒரு பழைய கணினிப் போர் விளையாட்டுக்குள் படம் எடுக்கிறார். நடிகர்கள் அவரவர் வீட்டுக் கணினி முன்னால் உட்கார்ந்து, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, அந்த விளையாட்டுக்குள் வருவார்கள். சிப்பாய்ப் பொம்மைகளை நடக்க வைப்பார்கள். அவர் அதை ரெக்கார்ட் செய்வார்.

திரைகள் சதுரமாக இருந்த காலத்து விளையாட்டு அது. அதை அகலமாக எடுக்கும் வித்தை நிலோஃபருக்குத் தெரியும். அவர் கஸ்பாரின் மகளைவிட இளையவர். ஆனாலும் அவருக்கு டீச்சர்.

நிலோஃபர் விளையாட்டின் செட்டிங்ஸைத் திறந்தார். திரையின் அகலத்தை மாற்றினார். காமிரா பார்க்கும் கோணத்தையும் கொஞ்சம் விரித்தார்.

படம் திறந்துகொண்டது. ஒருவரும் பருக்கவில்லை. ஒருவருக்கும் தலை போகவில்லை. இதுவரை கண்ணில் படாத துறைமுகச் சுவர் இடப்பக்கம் நின்றது. வலப்பக்கம் கடல்.

கஸ்பார் கைதட்டிவிட்டார்.

"அப்போ மறுபடி எடுங்க அண்ணாச்சி."

"எங்க எடுக்க? பிலோமி வரலையே."

"யாரு?"

"புருஷன் வருவான்னு கரையில காத்து நிக்கிற பொண்டாட்டி வேஷம் அவதான் பண்றா. கொஞ்ச நாளா ஆளைக் காணோம். அக்கறை இல்ல டீச்சர். ஒரு பொம்மையை நேரா நடக்க வைக்கத் தெரியல. எவ்வளவு பொறுமையாச் சொன்னாலும் ஏற மாட்டேங்குது."

"அவங்களை வச்சு எடுத்தது இருக்கா?"

கஸ்பார் பென் டிரைவை நீட்டினார்.

"சத்தத்தைக் குறைச்சிடுங்க. அதுல ஒண்ணும் கிடையாது. வசனம் எல்லாம் பிறகுதான் சேர்ப்பேன். நான் அதைக் கேட்கிறதே இல்ல."

நிலோஃபர் அதைச் செருகி ஓட விட்டு, சத்தத்தைக் கூட்டினார். திரையை அணைத்தார்.

அறையில் ஒரு குரல் கேட்டது.

"கால் இருக்கா உனக்கு? எருமைகூட இதைவிட நல்லா நடக்குமே!"

யார் இப்படிக் கத்துவது என்று கஸ்பார் ஒரு கணம் யோசித்தார். பிறகு தெரிந்தது, அது அவர் குரல்தான்.

"சரிங்க அண்ணாச்சி." அது பிலோமி.

"நடன்னு சொன்னா எதுக்கு நிக்கிற? மூளையை அடகு வச்சிட்டியா?"

"இல்லங்க அண்ணாச்சி. பிள்ளை கையைப் பிடிச்சு இழுக்கான்."

"அப்போ பிள்ளையை மட்டும் பார்த்துக்கிட்டுக் கிட. நடிக்க ஏன் வந்த?"

யாரோ சிரித்தார்கள். கூடவே பதிவில் கஸ்பாரின் குரலும் சிரித்தது. அவர் சிரிப்புதான் கடைசியில் ஓய்ந்தது.

அப்புறம், தள்ளி எங்கிருந்தோ, ஒரு சின்னக் குரல்.

"அம்மா, யாரும்மா உன்னைத் திட்டுறது?"

"திட்டல ராசா. சொல்லித் தாராங்க."

கஸ்பாரின் காதுமடல் சுட்டது. தரையைப் பார்த்தார். வேறு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

நிலோஃபர் கீபோர்டை அவர் பக்கம் தள்ளினார்.

"வேண்டாம்னா நிறுத்திடுங்க அண்ணாச்சி."

கஸ்பார் கையை நீட்டினார். பாதியில் அது மடியிலேயே வந்து விழுந்தது.

முழுவதும் ஓடி முடிந்தது.

"பொறுமையாத்தான் சொன்னேன்னு நினைச்சிருந்தேன்" என்றார்.

நிலோஃபர் பென் டிரைவைக் கழற்றி அவர் முன்னால் வைத்தார்.

கஸ்பார் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். பிலோமியின் எண்ணைத் தேடி அழைத்தார்.

மணி நெடுநேரம் அடித்தது. சொல்ல வேண்டியதை அவர் தொண்டை வரை கொண்டுவந்து வைத்திருந்தார்.

அதற்குள் பிலோமி பேசிவிட்டாள்.

"அண்ணாச்சி, கோவிச்சுக்காதீங்க. வீட்டுல தினமும் பழகுறேன். இப்போ கொஞ்சம் நடக்க வருது."