சுண்டெலி தைத்த பஞ்சுப் போர்வை

எனக்கு முதலில் துரோகம் செய்தது தையல்சிட்டுதான். அதைச் சொல்லாமல் இந்தக் கதையைத் தொடங்க முடியாது.

நான் ஒரு முள்ளம்பன்றி. மூங்கில் காட்டு ஓடைக்கரையில், பாறை இடுக்கில் குடியிருக்கிறேன். இரண்டு வருடங்களுக்கு முன் தையல்சிட்டு என் வாசலுக்கு வந்தது.

"கூடு தைக்கணும் அண்ணே! இலையில துளை போட்டுப் போட்டு அலகு வலிக்குது. ஒரு முள்ளு குடுங்க. முட்டை வைக்கிறதுக்குள்ள திருப்பித் தந்துடறேன்!"

என் கழுத்தோரத்தில் இருந்த நல்ல மெல்லிய முள்ளைப் பிடுங்கிக் கொடுத்தேன். சிட்டு கூடு தைத்தது. முட்டை வைத்தது. குஞ்சுகள் பறந்தும் போயின. முள் மட்டும் வரவில்லை. போய்க் கேட்டேன். "எந்த முள்ளு?" என்றது!

அன்றிலிருந்து யாருக்கும் ஒரு முள்கூடக் கொடுப்பதில்லை என்று இருந்துவிட்டேன்.

போன கார்த்திகைக் கடைசியில் மிளகி என்ற சுண்டெலி வந்தாள். வயிறு கனத்திருந்தது. மூச்சு வாங்கியது.

"சித்தப்பா, துணி தைக்க ஒரு முள்ளு வேணும்."

"நீயா? துணியைக் கண்டா கடிக்கிற கூட்டமாச்சே நீங்க!"

"கடிச்சது போதும் சித்தப்பா. போன மார்கழிப் பனியில என் குட்டிங்க ரெண்டு விறைச்சுப் போச்சு. முடி முளைக்காத உடம்பு, தாங்குமா? இந்தத் தடவை ஒரு பஞ்சுப் போர்வை தைச்சுடணும். இன்னும் பத்து நாள்ல பிரசவம்."

"இதுக்கு முன்னாடி தைச்சிருக்கியா?"

"இல்லை."

"அப்போ தையல்சிட்டுகிட்டக் கத்துக்க வேண்டியதுதானே?"

"கேட்டேன். 'பல்லு படைச்சவளுக்குத் தையல் எதுக்குடி'ன்னு சிரிச்சுது."

சிட்டின் பேச்சை எடுத்ததும் என் முட்கள் சிலிர்த்துக்கொண்டன. "முள்ளைத் தர மாட்டேன்! வாங்கிட்டுப் போனவங்க திருப்பித் தர்றதில்லை!"

"அப்போ நான் எடுத்துட்டே போகலை. இங்கேயே, உங்க கண்ணு முன்னாடி உட்கார்ந்து தைக்கிறேன். பொழுது சாய்ஞ்சா முள்ளை உங்ககிட்டவே குடுத்துடறேன்."

ஒரு முள்ளைப் பிடுங்கிக் கொடுத்தேன்.

வாங்கியதும் அவள் செய்த முதல் காரியம், முள்ளின் தடித்த முனையைக் கொறித்ததுதான்.

"ஐயையோ! என் முள்ளில ஓட்டை போடறியே!"

"காது இல்லாட்டி நூலை எங்கே கோர்க்கிறது சித்தப்பா?"

அதுவும் சரிதான். கோபத்தை அடக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

காட்டோரத்துத் தையல் கடைக்குப் பின்னால் கொட்டிக் கிடந்த துண்டுத் துணிகளையும் நூலையும் பொறுக்கி வந்திருந்தாள். சிவப்பு, நீலம், கட்டம் போட்டது, ஜரிகை வைத்தது. முதலில் எல்லாவற்றையும் ஓடையில் நனைத்துக் காயப்போட்டாள். "துணிப்பெட்டிக்குள்ள பிறந்தவ நான். புதுத்துணி தண்ணி பட்டா சுருங்கும்னு எனக்குத் தெரியும். தைச்ச பிறகு சுருங்கினா போர்வை கோணிக்கும்" என்றாள்.

பிறகு ஒரு பூவரச இலையைத் துணிமேல் வைத்து, அந்த அளவுக்குப் பல்லால் கத்தரித்தாள். இரண்டு நாள் கத்தரித்தாள். மூன்றாம் நாள் துண்டுகளை வரிசையாக அடுக்கினால், ஒன்றுக்கு ஒன்று சேரவே இல்லை! கடைசியில் வெட்டியதெல்லாம் சின்னதாக இருந்தது. இலை வாட வாடச் சுருங்கியிருக்கிறது. அவளும் அதையே அளவு என்று நம்பி வெட்டியிருக்கிறாள்!

மரக்கிளையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. தையல்சிட்டு! "அடியே, நாளைக்கு உன் போர்வை கடுகளவு ஆயிடும்!"

மிளகி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஓடையில் தேய்ந்து கிடந்த ஓட்டுச் சில்லு ஒன்றைப் பொறுக்கி வந்தாள். "இது வாடாது" என்றாள். இருந்ததிலேயே சின்னத் துண்டின் அளவுக்கு அந்தச் சில்லின் ஓரத்தைக் கல்லில் தேய்த்தாள். எல்லாத் துண்டுகளையும் அதை வைத்தே மறுபடி கத்தரித்தாள். ஐந்து ஐந்தாகச் சேர்த்து நான்கு பட்டைகள் தைத்தாள். பட்டைகளை ஒன்றோடு ஒன்று இணைத்தாள். மேல்துணி தயாரானது.

எட்டாம் நாள். கீழே ஒரு பழைய வேட்டித் துண்டு, நடுவில் இலவம்பஞ்சு, மேலே அவள் தைத்த துணி. நாலு ஓரத்தையும் சுற்றித் தைத்து முடித்தாள். முகமெல்லாம் சிரிப்பு! ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினாள்.

பஞ்சு முழுவதும் சரிந்து ஒரு மூலையில் பந்தாகத் திரண்டது. மற்ற இடமெல்லாம் வெறும் துணி.

"சபாஷ்! ஒரே ஒரு குட்டிக்குத் தலையணை!" என்றது சிட்டு.

மிளகி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இன்னும் இரண்டே நாள். வயிற்றுக்குள் குட்டிகள் புரள்வது எனக்கே தெரிந்தது. அழுவாள் என்று நினைத்தேன். முள்ளைத் தூக்கி எறிந்துவிட்டுப் போவாள் என்றும் நினைத்தேன்.

அவள் ஓரத்தையலைப் பல்லால் பிரிக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு இழையாக, துணி கிழியாமல், நாள் முழுக்கத் தைத்ததை ஒரு காலைப்பொழுதில் பிரித்துப் போட்டாள். என் வயதுக்கு நான் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். தன் கை வேலையை அப்படி முகம் சுளிக்காமல் பிரித்தவளை நான் பார்த்ததில்லை.

"பஞ்சை நடுவிலேயே பிடிச்சு நிறுத்தணும் சித்தப்பா. மூணு அடுக்கையும் சேர்த்து ஊடே ஊடே தையல் ஓட்டணும். ஆனா தைக்கும்போதே துணி நகருதே!"

என் உடம்பிலிருந்து நான்கு முட்களைப் பிடுங்கினேன். அவள் கேட்கவில்லை. நானாகத்தான் பிடுங்கினேன். துணியை இழுத்து விரித்து, நாலு மூலையிலும் தரையோடு சேர்த்துக் குத்தினேன். "இப்போ நகராது. தை!"

அவள் நடுவிலிருந்து தொடங்கி ஓரத்தை நோக்கித் தைத்தாள். சுருக்கம் விழுந்தால் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே போனாள். பத்தாம் நாள் பொழுது சாயும் நேரத்தில் கடைசி முடிச்சைப் போட்டாள். எழுந்தாள். போர்வையும் கூடவே எழுந்தது! வாலையும் சேர்த்துத் தைத்திருக்கிறாள்!

இந்த முறை சிட்டு சிரிப்பதற்கு முன்னால் அவளே சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். வாலருகே நாலு தையலைப் பிரித்து, மறுபடி தைத்து, போர்வையை உதறினாள். பஞ்சு ஒரு இடத்திலும் நகரவில்லை.

மார்கழி முதல் நாள் காலை, புல்லெல்லாம் வெள்ளைப் பனி. அவள் வளைக்குப் போய் எட்டிப் பார்த்தேன். போர்வைக்கு அடியில் ஏழு சின்ன மூக்குகள். ஏழும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன.

"உங்க முள்ளு சித்தப்பா" என்று ஐந்தையும் துடைத்து என் முன் வைத்தாள்.

தையல்சிட்டும் வந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. "அந்த மூலையில தையல் கோணல்!"

"ஆமாங்க, கோணல்தான். ஆனா பனி உள்ளே வரலை" என்றாள் மிளகி.

சிட்டு பறக்கச் சிறகை விரித்தது. விடுவேனா நான்? "அதிருக்கட்டும். என் முள்ளு எங்கே?" என்றேன்.

"எந்த முள்ளு?" என்று கேட்டுவிட்டுப் பறந்துபோனது.

தப்பாகத் தைத்ததைத் தானே பிரித்து மறுபடி தைக்கக் கூசாதவர், பிறவித் தையல்காரரையும் மிஞ்சிவிடுவார். அந்தப் பிறவித் தையல்காரர் எனக்கு இன்னும் ஒரு முள் தர வேண்டும்.